ரைட்டர் ஊட்டுச் செடிகள்

மேல்பாறை காலனியில் ஒரு குடும்பம் மலையை விட்டுக் கீழே இறங்கப்போகிறது என்றால் அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வாசலில் இருக்கிற பூச்செடிகளைக் கொடுத்துவிடுவார்கள், அவ்வளவுதான். டால்டா டின்னிலும் பெயின்ட் டப்பாவிலும் ஓட்டை பக்கெட்டிலும் வளர்த்த ஜெரேனியமும் ரோஜாவும் குன்னூர்க் குளிருக்கே பழகினவை. மேட்டுப்பாளையம் தாண்டினால் தலையைத் தொங்கப்போட்டுவிடும். அதனால் "வர்றவரைக்கும் தண்ணி ஊத்திக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனால் ஏதோ விசேஷத்துக்குப் போகிறார்கள், திரும்பி வருவார்கள். டின்னைத் தூக்கிக்கொண்டு வந்து கையில் கொடுத்தால் வரமாட்டார்கள்.

கொடுக்கிறவர் எவ்வளவு தண்ணீர் என்பதை மட்டும் சொல்வார். வாங்குகிறவர் வெயில் எந்தப் பக்கம் படவேண்டும் என்று மட்டும் கேட்பார். எங்கே, எப்போது, ஏன் என்பதெல்லாம் கிடையாது. அடுத்த வீட்டுக் குழம்பில் என்ன காய் என்பதைக்கூட மூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் போகிற பாப்பம்மாள், இந்த ஒன்றை மட்டும் கேட்கமாட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்து மூன்றாவது மழைக்காலம் அது. ஆண்டு இரண்டாயிரத்து ஒன்றோ இரண்டோ. ஃபேக்டரிக்காரர்கள் வாரத்தில் பாதிநாள் "இன்னைக்கு இலை எடுக்கலீங்க" என்று கேட்டைச் சாத்திவிடுவார்கள். பறித்த கொழுந்தை மூட்டையோடு திருப்பித் தூக்கிவந்து, பறித்த செடிக்கடியிலேயே கொட்டிவிட்டு வருவார்கள் சனங்கள். கமிட்டி ஒன்று வந்தது. முதுகில் கூடை மாட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டது, வர்க்கி சாப்பிட்டது, போனது. வீடு வீடாகப் பூட்டுத் தொங்கத் தொங்க, பாப்பம்மாள் வாசலில் டின்கள் கூடிக்கொண்டே வந்தன. கால் வைக்க இடமில்லை. "விஜயன் ஊட்டு ரோஸ்", "ஆயம்மா ஊட்டு வெள்ளை" என்று போனவர்கள் பெயரெல்லாம் செடிகளுக்கு நின்றுவிட்டது.

"பழப்பண்ணையை பர்லியார்ல வச்சான் கவர்மென்ட்டு. பூப்பண்ணையை என் தலையில வச்சுட்டான்" என்பாள் பாப்பம்மாள், தண்ணீர்க் குடத்தைச் சுமந்தபடி. அலுப்பாகத்தான் சொல்வாள். ஆனால் ஒரு செடியைச் சாகவிட்டதில்லை.

எதிர்வீட்டு தேவியின் வாசலில் மட்டும் எல்லா டின்னும் இருந்த இடத்திலேயே இருந்தன. தேவியின் பிரச்சினையே அதுதான்.

அவளுக்கு மூச்சு. மழைக்காலம் தொடங்கினால் நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுவதுபோல இருக்கும். முக்கால் ஏக்கர் சரிவில் கொழுந்து பறித்து மேட்டுக்கு ஏற்றுவதற்குள் நாலு இடத்தில் உட்காருவாள். குன்னூர் டாக்டர் சீட்டு எழுதாமலே சொல்லிவிட்டார்: "குளிர் காலத்துல இங்க இருக்காதீங்கம்மா. கீழ போயிருங்க. மருந்தெல்லாம் அப்புறம்." மகன் அருண்பிரசாத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. அவன் ஒரு வீடு பார்த்துவைத்திருந்தான். மாடி வீடு, காற்று வரும். வர்ற ஒண்ணாந்தேதிக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவேன் என்று வீட்டு ஓனர் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எஸ்டிடி பூத்துக்கு போன் பண்ணுவான்.

"அப்பா என்னம்மா சொல்றாரு?"

"புஸ்தகம் வருதுங்கிறாரு."

"புஸ்தகம் வரட்டும். நீங்க எப்ப வர்றீங்க?"

அதற்குமேல் பேச தேவிக்கு மூச்சு பத்தாது. பூத்துக்காரர் வேறு காதைத் தீட்டிவைத்துக்கொண்டு கணக்குப் போடுகிற மாதிரி நடிப்பார்.

அழகர்சாமி, தேவியின் வீட்டுக்காரர், எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதுகிற ரைட்டராக இருந்து ரிடையர் ஆனவர். கண்டிச் சீமையிலிருந்து கப்பலில் வந்த குடும்பம். மூன்று நாவல் எழுதினவர் என்று கோயம்புத்தூர் வரைக்கும் பெயர். காலனியில் முழுசாகப் படித்தவர்கள் யார் என்று கேட்டால் எல்லோரும் கிணற்றைப் பார்ப்பார்கள். நாவல் நின்று பல வருடம் ஆகிவிட்டது. பிறகு கட்டுரை எழுத ஆரம்பித்தார். கலையைப் பற்றி, பண்பாட்டைப் பற்றி, அரசியலைப் பற்றி. மாசி மாதம் காமன் கூத்தில் ரதி அழுகிற நேரம் கூடியிருக்கிற சனமும் சேர்ந்து அழுவது எதற்காக என்று ஒரு கட்டுரை. கொழுந்து பறிக்கிறவள் வீட்டில் மட்டும் எப்போதும் தூசித் தூளே கொதிப்பது எப்படி என்று ஒன்று. கமிட்டிக்காரர்கள் கூடை மாட்டிப் போட்டோ எடுப்பதைப் பற்றி ஒன்று. அதில் வர்க்கியும் வரும். எல்லாம் சேர்ந்து "சரிவில் நிற்பவன்" என்று புத்தகமாகிவிட்டது.

கடைசிக் கட்டுரையில்தான் வினை. "மலையை விட்டு இறங்குகிறவன் முதலில் தன் கலையை இறக்கிவைக்கிறான். பிறகுதான் காலை இறக்குகிறான்" என்று ஒரு வரி. ஞாயிறு மலர்க்காரர்கள் அந்த வரியை மட்டும் கட்டம் கட்டிப் போட்டுவிட்டார்கள். சலூன்காரர் அதை வெட்டி, கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டார். முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்த ஆம்பளைகள் எல்லாம் அதை மனப்பாடம் பண்ணிவிட்டார்கள். அப்படி எழுதின மனுஷன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேட்டுப்பாளையம் பஸ் ஏற முடியுமா?

"ஏனுங்க, அந்த ஒரு வரிய எடுத்துப்போட்டா புஸ்தகம் என்ன கொறஞ்சா போயிரும்?" என்று தேவி கேட்டுப் பார்த்தாள்.

"அச்சாயிருச்சு தேவி."

"அச்சானா என்ன? கல்யாணப் பத்திரிகையிலயே மண்டபம் மாறிப்போச்சுன்னா பேனாவுல அடிச்சு எழுதறாங்கல்ல?"

"இது கல்யாணப் பத்திரிகை இல்ல."

"தெரியுதுங்க. அதுன்னா நாலு பேரு படிச்சிருப்பாங்க."

அழகர்சாமி எழுந்துபோனார். நீலகிரித் தைலம் புட்டியை எடுத்துவந்து அவள் முதுகில் தேய்த்துவிட்டார். சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் கெட்டவர் இல்லை. வெந்நீர் வைப்பார், பதமாகத் தேய்ப்பார். தேய்க்கிற கை நல்ல கைதான். என்ன பண்ண, அந்தக் கைதான் அந்த வரியையும் எழுதித் தொலைத்தது.

"கூட்டம் முடியட்டும். யோசிக்கலாம்" என்றார்.

கூட்டம் என்றது புத்தக விமர்சனக் கூட்டத்தை. குன்னூரில் மருந்துக்கடை வைத்திருக்கிற தனசிங், வாசகர் வட்டம் என்று ஒன்று நடத்திவந்தார். வட்டத்தில் ஆள் குறைந்து குறைந்து அது ஒரு புள்ளியாகிவிட்ட நேரம். டவுனில் ஹால் எடுத்தால் நாற்காலிதான் உட்கார்ந்திருக்கும் என்று, எழுத்தாளரின் சொந்தக் காலனியிலேயே, சமுதாயக் கூடத்தில் வைத்துவிட்டார். தேவி வீட்டுச் சுவருக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு சாக்கடைதான்.

கூட்டத்துக்கு முந்தின நாள் தேவி, குடம் தூக்கிக்கொண்டிருந்த பாப்பம்மாளை மடக்கினாள்.

"அக்கா, நாளைக்குக் கேள்வி கேக்கற நேரம்னு ஒண்ணு வருமாம். யாராச்சும் எந்திரிச்சு, 'அய்யா, அப்ப எறங்கிப் போனவங்கெல்லாம் கலை இல்லாதவங்களா'ன்னு மரியாதையா ஒரு வார்த்த கேட்டா போதும்."

"கேட்டா?"

"நாலு பேரு முன்னால ஆமான்னு சொல்ல அவருக்கு வாய் வராதுக்கா. அப்பிடியில்ல, நான் அந்த அர்த்தத்துல எழுதலைன்னு வழுக்குவாரு. அது போதும். வழுக்கிட்டாருன்னா அந்த ஈரத்துலயே நான் திருப்பூருக்கு இழுத்துட்டுப் போயிருவேன்."

பாப்பம்மாள் குடத்தை இறக்கிவைத்து ரசித்தாள். "அடியே, நாவல் எழுதுறது நீயா அவரா?"

"நல்ல ஆளாப் பாத்துச் சொல்லுங்கக்கா. பதவிசா கேக்கற ஆளு."

"அதெல்லாம் நான் பாத்துக்கிறேன். நீ மூச்சு வாங்காம போயி உக்காரு."

பாப்பம்மாள் பார்த்த பதவிசான ஆள் காளிமுத்து. தான் வேலை பார்த்த ஃபேக்டரியை மூடினதிலிருந்து டீக்கடை பேப்பரை முதல் வரியிலிருந்து அச்சகத்தின் பெயர்வரைக்கும் படிக்கிறவன். மைக் இல்லாமலே எதிர்மலைக்குக் கேட்கிற குரல். அவன் தம்பி போன வருடம்தான் திருப்பூருக்கு இறங்கினான். சலூன் சுவரில் அந்த வரியைப் பார்த்த அன்றைக்கு, பாதிச் சவரத்தில் எழுந்து போனவன் காளிமுத்து.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூட்டம் கூடிவிட்டது. நிஜமாகவே கூடிவிட்டது. ஃபேக்டரியில் இலை எடுக்காத நாள், கூட்டத்துக்கு அப்புறம் டீயும் பன்னும் உண்டு என்று தனசிங் அறிவித்திருந்தார், வேறென்ன வேண்டும். பெண்கள் ஸ்வெட்டரும் மப்ளருமாக வந்து பாயில் உட்கார்ந்தார்கள். மூடாத ஜன்னல் வழியாகப் பனிமூட்டம் உள்ளே வந்து, அழைக்காத விருந்தாளி மாதிரி மேடை ஓரத்தில் நின்றது.

"சிக்கனம் கருதி இன்று பொன்னாடைகள் இல்லை" என்று தனசிங் தொடங்கினார். அதற்கே ஒரு கைதட்டல். பிறகு காமன் கூத்துக் கட்டுரையைப் பற்றிப் பேசினார். கலை என்பது அழுகிற இடம் தெரிந்து அழுவதுதான் என்று ஆசிரியர் சொல்வது அவருக்கு மிகவும் பிடித்திருந்ததாம். பிடித்ததைச் சொல்ல அரைமணி எடுத்துக்கொண்டார்.

அடுத்து கோயம்புத்தூர்க் கல்லூரிப் பேராசிரியர் அருள்ராஜ். யாரோ கொடுத்த பெரிய ஸ்வெட்டரில் கைகள் உள்ளே போய்விட, சட்டையைத் தேடுகிறவர்போல அவ்வப்போது வெளியே எடுத்துவிட்டுக்கொண்டு பேசினார். விளிம்புநிலை என்றார், வேர்கள் என்றார், நிலமே மொழியாதல் என்றார். பாயில் உட்கார்ந்திருந்த சனம் மரியாதையாகக் கேட்டது. விலை விழுந்ததிலிருந்து மேடை போட்டுப் பேச வந்த எல்லோர் பேச்சையும் அவர்கள் இப்படித்தான் கேட்டுக்கொண்டு வந்தார்கள். எப்போது முடியும் என்று முகத்தில் தெரியாமல் உட்கார்ந்திருக்கப் பழகியிருந்தார்கள்.

"ஒன்றே ஒன்று ஆசிரியரைக் கேட்க விரும்புகிறேன்" என்று பேராசிரியர் திரும்பினார். "ஏன் நாவலை விட்டுவிட்டீர்கள்? ஏன் கட்டுரை?"

அழகர்சாமி மைக்கைப் பிடித்தார். எல்லா ஊரிலும் இதையே கேட்கிறார்கள் என்கிற அலுப்பு கழுத்தில் தெரிந்தது.

"நாவலுக்கு ஒரு ஊரு முழுசா வேணுங்க. எழுதிக்கிட்டே இருப்பேன், ஒரு ஆளு வேணும்னு தேடுவேன், அந்த ஊடு பூட்டிக் கிடக்கும். சரி, அடுத்த ஊட்டு ஆளைப் போடுவோம்னா அதுவும் பூட்டு. கட்டுரைக்கு அது தேவையில்ல. ஒரே ஆளு உக்காந்து புலம்பினா போதும்."

பாயிலிருந்து முதன்முதலாக ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு என்றும் சொல்ல முடியாது. மூச்சை விட்ட சத்தம். தேவிக்கு நம்பிக்கை வந்துவிட்டது. மனுஷன் இளகி இருக்கிறார். இதுதான் சமயம். பாப்பம்மாளைப் பார்த்தாள். பாப்பம்மாள் கண்ணைக் காட்டினாள்.

காளிமுத்து எழுந்தான். இவனா பதவிசு என்று தேவி மறுபடி பாப்பம்மாளைத் திரும்பிப் பார்த்தாள்.

"ரைட்டரய்யா, ஒரு கேள்விங்க."

"கேளு காளிமுத்து."

"என் தம்பி தப்பெடுத்து அடிச்சா இந்த மலையே ஆடும். நீங்களே எழுதியிருக்கீங்க. போன வருசம் கீழ எறங்கிட்டான். எறங்கறவன் கலையை எறக்கிவச்சுட்டுத்தான் எறங்கறான்னு சலூன்ல ஒட்டியிருக்குது. எங்கிட்டு எறக்கிவச்சான்னு சொன்னீங்கன்னா போய் எடுத்துக்கிட்டு வந்துருவேன். பர்லியார்லயா, மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டுலயா?"

கூடம் வெடித்துச் சிரித்தது. இந்த முறை நிஜச் சிரிப்பு. பேராசிரியரே ஸ்வெட்டருக்குள் சிரித்துவிட்டார். இதெல்லாம் கைதட்டி முடிந்துபோயிருக்க வேண்டிய விஷயம். ஆனால் காளிமுத்துவுக்கு நிறுத்தத் தெரியாது.

"எழுத்துல மட்டும் வீரமா நிக்கிறது எல்லாத்துக்கும் லேசுங்க. எறங்குனவன் சோத்துக்கு எறங்கினான். உங்களுக்கு பென்சன் வருது, நிக்கிறீங்க. நாளைக்கு உங்க மவன் கூப்பிட்டா நீங்களும் எறங்குவீங்க. எறங்கறப்ப அந்தப் பேப்பரைக் கிழிச்சுட்டுப் போங்க."

அழகர்சாமியின் முகம் இறுகியதை தேவி பார்த்தாள். முப்பது வருடமாகப் பார்த்த முகம். குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று யாராவது சொன்னால், இன்னும் ஒரு கரண்டி ஊற்றிச் சாப்பிட்டுக் காட்டுகிற முகம்.

"யாரு எறங்குவா?" என்றார். "இந்தா கேட்டுக்கோ. எல்லாருமே கேட்டுக்கோங்க. பர்லியாருக்குக் கீழ என் எழுத்து மூச்சு விடாது. எழுதினதுல ஒரு எழுத்தையும் நான் மாத்தறதா இல்ல. எல்லாரும் போனாலும் நான் போகமாட்டேன். கடைசி ஊட்டுக் கதவைச் சாத்திட்டு வாசல்ல உக்காந்திருப்பேன்."

டவுனிலிருந்து கூட்டத்துக்கு வந்திருந்த நாலுபேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். தனசிங் கண் கலங்கினார். "இதுதான்! இதுதான் எழுத்தாளனின் அரசியல்!" என்றார் பேராசிரியர். பாயில் இருந்தவர்கள் தட்டவில்லை. அவர்கள் தேவியைப் பார்த்தார்கள்.

எழுத்து மூச்சு விடாதாம். தேவிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க முடியவில்லை, நெஞ்சுக்குள் விசில் கிளம்பிவிட்டது. கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் மூச்சு வேண்டியிருக்கிறது. பக்கத்தில் பாப்பம்மாள் முந்தானையைக் கடித்துக்கொண்டு, "கெடுத்துட்டேனேடி, கடங்காரப்பய இப்பிடிப் பேசுவான்னு நெனைக்கலையே" என்று முணுமுணுத்தாள்.

"உடுங்கக்கா" என்றாள் தேவி. சுவரைப் பிடித்து எழுந்தாள். வெளியே போனாள்.

மேடையில் நன்றியுரை தொடங்கியிருந்தது. தனசிங், மைக்செட்காரர் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தபோது தேவி திரும்ப உள்ளே வந்தாள். இரண்டு கையாலும் ஒரு டால்டா டின்னைப் பிடித்திருந்தாள். டின் நிறைய ரோஸ் ஜெரேனியம், பனியில் நனைந்து பளபளவென்று.

"ஆஹா!" என்று மைக்கில் கூவினார் தனசிங். குன்னூர் டவுன்காரர், அவருக்கு என்ன தெரியும். "பொன்னாடை இல்லாத குறையை எழுத்தாளரின் துணைவியார் தீர்த்துவைக்கிறார்! பேராசிரியருக்கு ஒரு மலர்ச்செடி!"

பேராசிரியர் எழுந்து ஸ்வெட்டரைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு கையை நீட்டினார். தேவி அவர் பக்கம் பார்க்கவே இல்லை. பாய்களுக்கு நடுவில் நடந்துபோய், பாப்பம்மாள் முன்னால் நின்றாள்.

பாப்பம்மாளின் கை எழவில்லை. "ஏய், என்னாடி இது. கொண்டுபோயி வைய்யி" என்றாள் மெதுவாக.

"ரெண்டு நாளைக்கு ஒருக்கா தண்ணி போதுங்கக்கா."

பாப்பம்மாள் மேடையைப் பார்த்தாள். தேவியைப் பார்த்தாள். ஊரில் இருக்கிற வாயெல்லாம் அவளுடையதுதான், ஆனால் அன்றைக்கு அதைத் திறக்க அவளுக்கு நேரம் பிடித்தது.

"வெயிலு எந்தப் பக்கம்?" என்றாள்.

"காலம்பர வெயில்."

பாப்பம்மாள் டின்னை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். தேவி திரும்பி வெளியே போனாள். அடுத்ததாக ஒரு பெயின்ட் டப்பாவோடு வந்தாள். அதை அடுத்த பாயில் உட்கார்ந்திருந்த சின்னம்மையிடம் கொடுத்தாள். மூன்றாவதற்குப் போகும்போது வாசல்படியில் நின்று மூச்சு வாங்கினாள். பாயிலிருந்து பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து போய், அவள் வீட்டு வாசலிலேயே வாங்கிக்கொண்டார்கள். ஒருத்தியும் ஒரு வார்த்தை கூடுதலாகக் கேட்கவில்லை. தண்ணி, வெயில். தண்ணி, வெயில். அவ்வளவுதான் கேட்டது கூடத்துக்குள்.

"அற்புதமான பண்பாடு!" என்றார் பேராசிரியர், அழகர்சாமியின் பக்கம் குனிந்து. "பகிர்ந்துகொள்ளுதல்! இதைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லையே? எத்தனை காலமாக இருக்கிற வழக்கம் சார் இது?"

அழகர்சாமி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவர் வீட்டு வாசல், ஒவ்வொரு டின்னாகக் குறைந்துகொண்டிருந்தது. அதுவரைக்கும் தன் வீட்டு வாசல் எப்படி இருக்கும் என்று அவர் பார்த்ததே இல்லையோ என்னவோ. டின் எடுத்த இடத்திலெல்லாம் துருப்பிடித்த வட்டம் வட்டமாகத் தெரிந்தது.

"ரொம்ப காலமில்லீங்க" என்றார். "மூணு வருசமா."

கடைசியில் ஒரு டின்தான் மிஞ்சியது. சிவப்பு ஜெரேனியம். அது அவருடைய செடி. எழுதுகிற ஜன்னலுக்கு நேர் கீழே அவரே வைத்து, வடிகட்டின தேத்தண்ணிச் சக்கையை அவரே போட்டு வளர்த்தது. வேறு யாராவது தண்ணீர் ஊற்றினால் சத்தம் போடுவார். தேவி அதற்கு முன்னால் வந்து நின்றாள். குனிந்தாள். எடுக்காமல் நிமிர்ந்துவிட்டாள். படியில் உட்கார்ந்துகொண்டாள். இன்னும் ஒரு நடை நடக்க உடம்பு கேட்கவில்லை என்று ஒருபக்கம். அது தான் கொடுக்கிற செடி இல்லை என்று இன்னொருபக்கம். அதை அவர் கொடுக்காவிட்டால், மற்றதையெல்லாம் நாளைக்கே போய்த் திரும்ப வாங்கிக்கொண்டு வரவேண்டியதுதான். அது காலனியில் இதுவரைக்கும் நடக்காத மானக்கேடு. தெரிந்தேதான் செய்தாள்.

உள்ளே தனசிங், பன் தீர்வதற்குள் எல்லோரும் எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டார். யாரும் எழவில்லை. வீட்டில் சோறு இருக்கிறதோ இல்லையோ, பன்னுக்கு எழாத சனத்தை அவர் அன்றைக்குத்தான் பார்த்திருப்பார்.

அழகர்சாமி மேடையிலிருந்து இறங்கினார். சாக்கடையைத் தாண்டி வந்தார். படியில் உட்கார்ந்திருந்த தேவியின் முதுகு ஏறி இறங்குவதைப் பார்த்தார்.

"இதை ஏன் எடுக்கல?"

"அது உங்குளுதுங்க."

"யாருக்குக் குடுக்கலாம்னு நெனச்ச?"

"நான் நெனைக்கலீங்க. நெனச்சு நெனச்சுத்தான் இப்பிடி ஆச்சு."

அழகர்சாமி குனிந்து டின்னைத் தூக்கினார். சக்கை போட்டுப் போட்டுக் கனத்திருந்தது. இடுப்பில் வைத்துக்கொண்டு கூடத்துக்குள் போனார். எல்லோரும் பார்க்க, பின்வரிசையில் சுவரோரம் நின்றிருந்த காளிமுத்துவிடம் போனார்.

காளிமுத்து இன்னொரு கேள்வி கேட்கிற முகத்தோடுதான் நின்றிருந்தான். டின் கிட்டே வர வர அந்த முகம் என்ன செய்வதென்று தெரியாமல் போனது. பேசவேண்டியதைப் பேசிவிட்டவனுக்கு, ஜெயித்துவிட்டோம் என்று தெரிந்த கணத்தில் ஒரு அசட்டுத்தனம் வருமே, அது வந்தது.

"தண்ணி கம்மியா ஊத்து" என்றார் அழகர்சாமி. குரல் மைக்கில் இருந்த குரல் இல்லை. "தேத்தண்ணிச் சக்கை இருந்தா போடு. பீடித்துண்டைப் போட்டுறாத."

காளிமுத்து தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். இரண்டு கையாலும் வாங்கினான். எதிர்மலைக்குக் கேட்கிற தொண்டை, பக்கத்தில் நிற்கிறவருக்கே கேட்காத அளவுக்கு இறங்கிவிட்டது.

"வெயிலு எந்தப் பக்கங்கய்யா?"

"எல்லாப் பக்கமும் ஒத்துக்கும். அது மானங்கெட்ட செடி."

அதற்கப்புறம்தான் சனம் பன்னுக்கு எழுந்தது.

பேராசிரியருக்கும் ஒரு செடி வேண்டும் என்று ஆசை. பாப்பம்மாள் தன் வாசலிலிருந்து விஜயன் ஊட்டு ரோஸில் ஒரு கிளையை ஒடித்துப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தாள். கீழே போய் வைத்தால் பிடிக்குமா என்று கேட்டார். "வச்சுப் பாருங்க" என்றாள். பிடிக்காது என்று சொல்லவில்லை. வந்தவரிடம் அதையெல்லாம் எதற்குச் சொல்லவேண்டும்?

கூடத்தைப் பூட்டி எல்லோரும் போனபிறகு அழகர்சாமி வந்து படியில் தேவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வெறும் வாசலைத் தாண்டிப் பனிமூட்டம் நேராக அவர்கள்மேல் வந்தது. முன்பெல்லாம் செடிகள் கொஞ்சம் மறைத்துக்கொண்டிருந்தன போலிருக்கிறது.

"அந்த வரியை மாத்த முடியாது தேவி. மறுபதிப்பு வந்தா வேணா பாக்கலாம்."

"வரட்டுமுங்க. வந்தா பாத்துக்கலாம்."

தைலம் புட்டியை எடுத்துவரப் போகிறவர்போல எழுந்தார். எழுந்தவர் நின்றார்.

"அருணு பாத்திருக்கிற ஊடு மாடிதான?"

"மாடிதானுங்க. ரெண்டாவது மாடி. படி செங்குத்தா இருக்குதாம்."

அழகர்சாமி அதைக் கொஞ்சநேரம் யோசித்தார். எழுத்தாளர், யோசிக்காமல் இருக்க முடியாது.

"ரெண்டாவது மாடின்னா முழுசா எறங்கினதா ஆகாது" என்றார்.

தேவிக்குப் பதில் இருந்தது. அந்தப் படிகளில் ஏறப்போவது யார் மூச்சு என்று கேட்டிருக்கலாம். நாளைக்குக் காலையில் எஸ்டிடி பூத்துக்குப் போகவேண்டும், அதற்குக் கொஞ்சம் மூச்சு மிச்சம் வைக்கவேண்டும் என்று விட்டுவிட்டாள்.

"ஆகாதுங்க" என்றாள்.